கப்பலில் குடும்பத்தோடு சில நாட்கள்

உல்லாசக் கப்பல் பயணத்தைப் பற்றி ஒரு மௌலவி எழுதுகிறாரே என்று சகோதரிகள் சிலர் வியப்படையக்கூடும். எனக்கும் அந்த வியப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து போனதன் பிறகு, "இப்படி ஒரு கப்பலில் நாமும் போகலாமா? தொழுகை, சாப்பாடு எல்லாம் எப்படி?" என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. கேட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடந்த ஆண்டு பாடசாலை விடுமுறையில் எங்கள் குடும்பமே சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலொன்றில் நான்கு இரவுகள் பயணம் செய்துவிட்டு வந்தது. அதில் சரியாகச் செய்தவையும் உண்டு, பிழையாகச் செய்தவையும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன். கப்பலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரமும் நோக்கமல்ல, குறை சொல்வதும் நோக்கமல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். நம் குடும்பங்களில் 'ட்ரிப்' போவதென்றால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேன் பிடிப்போம். நுவரெலியாவில் ஒரு பங்களா எடுப்போம். சட்டி, பானை, அரிசி மூட்டை, மிளகாய்த் தூள், மாசிச் சம்பல் எல்லாம் வேனில் ஏறும். போய் இறங்கியதும் ஆண்கள் குளிருக்குப் போர்த்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் புது இடத்துக் குசினியில் பழைய வேலையையே செய்வார்கள். என் உம்மாவுக்கு வயது 72. அவர் தன் வாழ்நாளில் போன எல்லாப் பயணங்களிலும் சமைத்திருக்கிறார். ஹஜ்ஜுக்குப் போனபோதுகூட மினாவில் யாருக்கோ கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததாகச் சொல்வார். கப்பலில் மட்டும்தான் அவருக்குக் குசினி கிடைக்கவில்லை. முதல் நாள் மாலை, "நான் இப்ப என்ன செய்யிற?" என்று ராத்தாவிடம் கேட்டாராம்.

அந்த ஓய்வு அவருக்குக் கிடைக்கவேண்டுமென்றால் ஏறுவதற்கு முன்னரே பல காரியங்களைத் தீர்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. தீர்த்துக்கொள்ளாமல் ஏறினால் உல்லாசம் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும், அலைச்சல் மீண்டும் உங்களுக்கு.

காசுக் கணக்கு

எங்கள் பயணத்துக்குப் பெரும்பங்கு என் மனைவியின் சீட்டுக் காசு. மூன்று வருடம் கட்டிய சீட்டு. ஆகவே ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது, கேட்கவும் செய்தார்.

பத்திரிகையில் பார்க்கும் கப்பல் கட்டணம் முழுக் கட்டணமல்ல. அந்தக் கட்டணத்துக்குள் அறை, பொதுச் சாப்பாட்டு மண்டபங்களில் மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் தடாகம், மேடை நிகழ்ச்சிகள் ஆகியவை அடங்கும். துறைமுக வரி தனி. பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம் தனி. அது ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும், பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே. ஏழு பேர் நான்கு இரவுகள் என்றால் இருபத்தெட்டுத் தடவை அந்தத் தொகை. போத்தல் பானங்கள், தனி உணவகங்கள், இணைய வசதி, உடுப்புக் கழுவுதல், வைத்தியர், கரையில் சுற்றிப் பார்க்கும் பஸ் பயணம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு. கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு விமானச் சீட்டு, அங்கே ஓர் இரவு தங்குமிடம், விசா, பயணக் காப்புறுதி இவையும் உண்டு. எங்களுக்குக் கப்பலுக்குக் கொடுத்த அளவுக்குச் சற்றுக் குறையாமல் கப்பலுக்கு வெளியே செலவானது. கடனட்டையில் தவணை போட்டு வட்டி கட்டியோ, நகையை அடகு வைத்தோ போகும் பயணம் இதுவல்ல. சீட்டு முடியும்வரை காத்திருங்கள். கப்பல் அடுத்த ஆண்டும் போகும்.

கப்பலுக்குள் கைக்காசு புழங்குவதில்லை. ஏறும்போது ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் அடையாளம், அதுதான் பணப்பையும். என் ராத்தாவின் மகன், பத்து வயது, விளையாட்டு இயந்திரங்கள் வைத்திருக்கும் அறையில் தன் அட்டையைத் தேய்த்துத் தேய்த்து விளையாடியிருக்கிறான். அது இலவசம் என்றே நினைத்திருக்கிறான். இரண்டாம் நாள் கணக்குப் பார்த்தபோது மச்சானுக்கு வியர்த்துவிட்டது. ஏறிய உடனேயே வரவேற்பு மேசைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி நிறுத்திவிடச் சொல்லலாம். சொன்னால் செய்து தருவார்கள். அத்தோடு தினமும் இரவு கணக்கைப் பார்த்துவிடுங்கள். கடைசி நாள் காலை அந்த மேசையில் நிற்கும் வரிசை மிக நீளமானது.

கடவுச்சீட்டும் விசாவும்

கடவுச்சீட்டு பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாகவேண்டும். கப்பல் எந்தெந்த நாட்டுத் துறைமுகத்தில் நிற்கிறதோ அந்தந்த நாட்டு விசா விதியையும் பாருங்கள். "நாங்கள் அங்கே இறங்கவே மாட்டோம்" என்று சொன்னாலும், விசா தேவையென்றால் அது இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் சிங்கப்பூருக்குக் குறுகிய சுற்றுலா போக முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. ஆனால் வந்துசேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பவேண்டும். கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருவதும் புதிய வருகைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பயண முகவர் வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல் அந்தந்த நாட்டின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள். உங்கள் மகன் அல்லது மகள் பார்த்துத் தருவார்.

சிங்கப்பூரில் கப்பல் துறைகள் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃப்ரண்ட் பகுதியில், மற்றது 2012இல் திறக்கப்பட்ட மரினா பே கப்பல் நிலையம். எங்களோடு வரவேண்டிய ஒரு குடும்பம் பிழையான இடத்துக்கு டாக்சியில் போய், ஓடோடி வந்து சேர்ந்தது. சீட்டில் எந்த இடம் எழுதியிருக்கிறது என்பதை முதல் நாளே பாருங்கள். விமானத்தில் இறங்கிய அதே நாளில் கப்பல் ஏறத் திட்டமிடாதீர்கள். விமானம் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது, காசும் திரும்பக் கிடைக்காது. ஓர் இரவு முன்னதாகப் போய்த் தங்குவது வீண் செலவல்ல. டன்லொப் வீதியில் அப்துல் கபூர் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள பகுதியில் தங்கினால் ஹலால் சாப்பாட்டுக்கு அலையவும் தேவையில்லை.

இன்னுமொரு விடயம். கர்ப்பிணிச் சகோதரிகள் கவனிக்கவேண்டும். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் பயணம் முடியும் நாளில் 24 வாரத்தை எட்டியிருக்கும் கர்ப்பிணிகளை ஏற்றுவதில்லை. அதற்குக் குறைவானால் வைத்தியரின் கடிதம் கேட்பார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் ஏற்றுவதில்லை. சீட்டு வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு அழுதவரை நான் அறிவேன்.

எந்த அறை?

நான்கு வகை அறைகள் உண்டு. ஜன்னலே இல்லாத உள் அறை மலிவானது. கண்ணாடி ஜன்னல் வைத்தது அடுத்தது. அதற்கு மேல் மாடம் வைத்த அறை, அதற்கும் மேல் வசதியான பெரிய அறைகள். நாங்கள் இரண்டு உள் அறைகளும் மாடம் வைத்த ஓர் அறையும் எடுத்தோம். நானும் மச்சானும் மகன்மாரும் உள் அறைகளில். உம்மா, ராத்தா, என் மனைவி ஆகிய மூவரும் மாடத்து அறையில். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் என் மனைவி. இந்தப் பயணத்தில் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான் என்று இப்போதும் சொல்வேன். கப்பலின் திறந்த தளங்களில் இசையும் கூட்டமுமாக இருக்கும். அரைகுறை உடையில் திரிவோரும் இருப்பர். அந்த மாடத்தில் மூவரும் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மாடத்திலிருந்து எட்டிப் பார்க்க முடியும் என்பதால் தலையில் முக்காடு இருக்கட்டும். மாடத்துக்கு மிகச் சிறு பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள், அங்குள்ள கதிரைகளைக் கம்பியோரம் இழுத்துப் போடவும் விடாதீர்கள்.

ஆட்டம் குறைவாக இருக்கவேண்டுமென்றால் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உள்ள அறையைக் கேளுங்கள். முன்முனையும் மேல்தளங்களும் அதிகம் ஆடும். இசை மண்டபத்துக்கு நேர் மேலோ, சாப்பாட்டு மண்டபத்துக்கு நேர் கீழோ உள்ள அறை வேண்டாம். விடியற்காலையில் கதிரை இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். உள் அறையில் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. அலாரம் வைக்காமல் படுத்தால் ஸுபஹ் போய்விடும்.

குளியலறை மிகச் சிறியது. கொமட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் கோப்பை அல்லது மூடியில் துளையிட்ட ஒரு வெற்றுப் போத்தல் கொண்டுபோனால் அந்தத் தொல்லை தீர்ந்தது. இந்தச் சிறிய விடயத்தை எங்களுக்கு எந்த முகவரும் சொல்லவில்லை. உம்மாதான் பையில் ஒரு கோப்பையை வைத்திருந்தார். குளியலறை வாசற்படி சற்று உயர்ந்திருக்கும், வுழூச் செய்துவிட்டு ஈரக் காலோடு வரும்போது வயதானவர்கள் தடுக்கி விழ இடமுண்டு. கொமட் காற்றால் உறிஞ்சும் வகை. அதற்குள் துணியோ வேறெதுவுமோ போடக்கூடாது.

எதை எடுத்துச் செல்லலாம் என்பதிலும் நாங்கள் பாடம் படித்தோம். ராத்தா ஒரு சிறிய ரைஸ் குக்கரைக் கொண்டுவந்திருந்தார், "எதுக்கும் இரிக்கட்டுமே" என்று. பரிசோதனையில் அதை எடுத்து வைத்துவிட்டு, திரும்பும்போது தந்தார்கள். சூடாக்கும் சாதனங்கள், இஸ்திரிப்பெட்டி, கேத்தல் எதற்கும் அனுமதியில்லை. தீ விபத்தைத்தான் கடலில் எல்லோரும் அஞ்சுகிறார்கள். மாறாகக் கட்டாயம் கொண்டுபோகவேண்டியவை: ஒரு சால்வை (உள்ளே குளிரூட்டி கடுமையானது), ஈரத் தளத்தில் வழுக்காத இறப்பர் செருப்பு, மருந்துகள். மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்கவேண்டாம். பெட்டியை ஏறும்போதே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறைக்கு வந்துசேர இரவாகலாம். கடவுச்சீட்டு, மருந்து, ஒரு மாற்றுடை, முஸல்லா எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

சாப்பாடு

ஹலால் விடயத்தில் கப்பலுக்குக் கப்பல் வித்தியாசம் உண்டு. ஜெண்டிங் ட்ரீம் என்ற கப்பல் 2022 முதல் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஓடத் தொடங்கியது. இஸ்லாமிய நாடுகளின் தரநிலைப்படி ஹலால் வசதிக்கான சான்றிதழும் பெற்றது. ஆனால் அதே கப்பலில் சூதாட்ட மண்டபமும் மதுவும் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டே போகவேண்டும். அந்தக் கப்பலின் சகோதரிக் கப்பல் ஒன்றை சவூதி நிறுவனம் வாங்கி, ஆரோயா என்று பெயரிட்டு, 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து செங்கடலில் ஓட்டத் தொடங்கியது. இரண்டும் ஜேர்மனியில் ஒரே தளத்தில் கட்டப்பட்டவை. ஆரோயாவில் மதுவும் இல்லை, சூதும் இல்லை. உம்ராவுக்குப் போகும் சகோதரிகள் சிலர் அதையும் சேர்த்துத் திட்டமிடலாமா என்று கேட்கிறார்கள். நேரமும் காசும் இருந்தால் தடையேதுமில்லை, ஆனால் கப்பலுக்காக ஹரமில் தங்கும் நாட்களைக் குறைத்துக்கொள்வதை நான் விரும்பமாட்டேன்.

மற்றக் கப்பல்களில் சீட்டுப் பதியும்போதே எழுத்தில் ஹலால் உணவு கேட்கவேண்டும். ஏறிய பிறகு கேட்டால் மரக்கறியைத்தான் காட்டுவார்கள். "ஹலால் உண்டு" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். முறைப்படி அறுத்த இறைச்சியா, தனிப் பாத்திரத்தில் சமைக்கிறார்களா, அல்லது பன்றி இறைச்சி இல்லை என்பதை மட்டும் ஹலால் என்கிறார்களா என்று கேளுங்கள். மீன், முட்டை, பழம், ரொட்டி என்று பயமின்றிச் சாப்பிடக்கூடியவை நிறைய உண்டு. ஆனாலும் மீனின் மேல் ஊற்றும் சாற்றில் வைன் இருக்கலாம். கேக்கில் ரம் இருக்கலாம். குலுங்கும் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். பரிமாறுபவரிடம் கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்கள் தினமும் இப்படிக் கேட்பதால் அவர்களுக்கு இது பழகிய கேள்விதான். இரண்டாம் நாளிலிருந்து எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் உம்மாவைக் கண்டதும் தானாகவே எது ஆகும், எது ஆகாது என்று காட்டத் தொடங்கிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு நேரங்கள் தருவார்கள், ஆறு மணியளவில் ஒன்று, எட்டு மணிக்குப் பிறகு ஒன்று. அந்தக் கடலில் சூரியன் மறைய ஏழேகால், ஏழரையாகிவிடும். முந்திய நேரத்தை எடுத்தால் சாப்பாட்டுக்கு நடுவே மஃரிப் வரும். பிந்திய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டுப் பதியும்போதே.

நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தச் சாப்பாட்டு மண்டபம் ஒரு சோதனை. நாள் முழுக்க இனிப்பு திறந்தே இருக்கிறது. உம்மாவின் தட்டை ராத்தா பார்த்துக்கொண்டார். ராத்தாவின் தட்டைப் பார்க்கத்தான் ஆளில்லை. இன்சுலின் கொண்டுபோகிறவர்கள், அறையிலுள்ள சிறிய குளிர்ப்பெட்டி போதிய குளிரில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் வேகமாகப் பரவும் வாந்திபேதிக் கிருமிக்கு, வாசலில் தெளிக்கும் கைத்திரவத்தை விடச் சவர்க்காரமும் தண்ணீருமே சிறந்தது. வுழூச் செய்யும் பழக்கம் இங்கே பெரிய உதவி.

தொழுகை

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பயணியாகிவிட்டதால் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கியும், ளுஹரை அஸருடனும் மஃரிபை இஷாவுடனும் சேர்த்தும் தொழலாம். கரையில் சுற்றும் நாட்களில் இந்தச் சலுகை பெரிய ஆறுதல். ஆடும் கப்பலில் நிற்க முடிந்தால் நின்று தொழவேண்டும். தலை சுற்றி விழுந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் உட்கார்ந்து தொழலாம்.

கிப்லாதான் குழப்பம். கைத்தொலைபேசியில் உள்ள திசைகாட்டி கப்பல் அறைக்குள் பொய் சொல்லும், சுற்றிலும் இரும்பு. நான் முதல் வக்துக்கு அதை நம்பி நின்றுவிட்டு, மாடத்தில் வந்து பார்த்தபோது சூரியன் வேறு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. திறந்த தளத்தில் திசையைப் பார்த்துக்கொண்டு அறைக்கு வரலாம். அல்லது அறைத் தொலைக்காட்சியில் கப்பல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரைபடம் காட்டும் அலைவரிசையைப் பார்க்கலாம். அந்தப் பகுதியிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக இருக்கும், நமது நாட்டைப் போலவே. கப்பல் வடமேற்காக மலாக்கா நீரிணையில் ஏறும்போது ஏறக்குறைய முன்முனைப் பக்கம், திரும்பி வரும்போது பின்முனைப் பக்கம் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன். தொழுகையின் நடுவே கப்பல் திரும்புவது தெரிந்தால் நீங்களும் திரும்பிக்கொள்ளவேண்டும்.

நேரமும் நம் பழக்கத்துக்கு மாறானது. அங்கே சூரியன் உதிக்க ஏழு மணியாகும். இலங்கைப் பழக்கத்தில் ஐந்து மணிக்கு எழுந்து ஸுபஹ் தொழுதால் வக்து வந்திருக்காது. அந்தந்த ஊரின் நேரசூசியை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், நடுக்கடலில் இணையம் விலை அதிகம். கைத்தொலைபேசியை விமான நிலையில் வைக்காவிட்டால், கப்பலின் செய்மதி வலையமைப்பில் தானாகத் தொற்றிக்கொண்டு மாத முடிவில் பெரிய பில் வரும்.

அபாய ஒத்திகை

ஏறிய அன்றே, புறப்படுமுன், எல்லோரும் தங்களுக்குரிய ஒன்றுகூடும் இடத்துக்குப் போகவேண்டும். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அபாய அறிவிப்பு. "களைப்பா இரிக்கி, நான் படுக்கிறேன்" என்று சொல்லி மச்சான் தப்பிக்கப் பார்த்தார். உம்மா விடவில்லை. உம்மாவுக்குக் கடல் பயம், பயம் உள்ளவர்தான் ஒழுங்காகக் கேட்டார்.

1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் கடலில் உயிர் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை உருவானது. 2012 ஜனவரி 13ஆம் திகதி இத்தாலிக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே ஒத்திகை என்று விதி இறுகியது. பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி சிறிய அளவில் வேண்டும், அறைப் பணியாளரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அபாயத்தில் லிஃப்டில் ஏறக்கூடாது என்பதால் அறையிலிருந்து படிக்கட்டுக்குப் போகும் வழியை ஒரு தடவை நடந்து பாருங்கள்.

கடல் மயக்கத்துக்குச் சின்னரிசின் போன்ற மாத்திரைகள் உண்டு. குமட்டல் தொடங்கிய பிறகல்ல, முன்னரே எடுக்கவேண்டும். உங்கள் வைத்தியரைக் கேட்டே எடுக்கவேண்டும், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும். இஞ்சியும் நல்லது. வெறும் வயிறு கூடாது. அறைக்குள் படுத்துக் கிடக்காமல் வெளியே வந்து தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். மலாக்கா நீரிணை சுமாத்திராவின் மறைவில் இருப்பதால் பெரும்பாலும் அமைதியானது. புக்கட் பக்கம் மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையை எழுப்பும்.

கரையில்

அதைத்தான் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. புக்கட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும். அன்று அலை அதிகம் என்று கப்டன் இறங்குவதையே இரத்துச் செய்துவிட்டார். பிள்ளைகள் அழுதார்கள். பயணச்சீட்டின் நிபந்தனையிலேயே இப்படி நடக்கலாம் என்று எழுதியிருக்கிறது, நட்டஈடு கேட்கமுடியாது. அலை இல்லாவிட்டாலும் உம்மாவுக்கு அந்தப் படகில் ஏறுவது கடினமாகத்தான் இருந்திருக்கும். நடக்க இயலாதவர்களை அழைத்துச் செல்பவர்கள், கப்பல் கரையோடு அணையும் துறைமுகங்கள் உள்ள பயணத்தையே தேர்ந்தெடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்கூட்டியே கேளுங்கள்.

பினாங்கு அப்படிப்பட்ட துறைமுகம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் அணைந்ததும் ஜோர்ஜ் டவுன் நகரத்துக்குள்ளேயே இறங்குகிறோம். கப்பல்காரர்கள் விற்கும் பஸ் பயணம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் அது. நடக்கும் தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. தமிழகக் கரையிலிருந்து போன காதர் முஹைதீன் என்ற வணிகர் அக்காலத்தில் அங்குள்ள தென்னிந்திய முஸ்லிம்களின் 'கப்பித்தான்'; அவர் பெயரால்தான் அந்தப் பள்ளி வழங்குகிறது. சூலியா வீதியில் நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுப்பிய ஒரு சிறு கட்டடமும் உண்டு. பள்ளிவாசலில் ளுஹரும் அஸரும் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "சிலோனா?" என்று தமிழில் கேட்டார். உம்மா அவரோடும் அவர் மனைவியோடும் அரை மணித்தியாலம் கதைத்தார். கப்பலில் பார்த்த எந்த மேடை நிகழ்ச்சியையும் விட அவருக்கு அது பிடித்திருந்தது. பகலுக்கு நாசி கண்டார் சாப்பிட்டோம். சோற்றின் மேல் மூன்று நான்கு வகைக் கறிச்சாற்றையும் கலந்து ஊற்றித் தருவார்கள். தோளில் காவடி போல் தூக்கி விற்றதால் வந்த பெயர் அது. விலை மலிவு, வயிறு நிறையும்.

சில பயணங்களில் பினாங்குக்குப் பதிலாக கிள்ளான் துறைமுகம் வரும். கோலாலம்பூர் அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல், நெரிசலில் இன்னும் அதிகம். வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த ஓட்டம் வேண்டாம். வழியிலேயே ஷா ஆலமில் உள்ள நீலக் குவிமாடப் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

கரையில் சுற்றும்போது கப்பல் நேரம் எது, ஊர் நேரம் எது என்பதில் கவனம் வேண்டும். தாய்லாந்து, சிங்கப்பூரைவிட ஒரு மணித்தியாலம் பின்னால். கப்பல் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், கடைச் சுவரில் நான்கு மணி என்பது கப்பலில் ஐந்து மணி. ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு அதை மட்டும் பாருங்கள். கடைசி நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே துறைக்குத் திரும்பிவிடுங்கள். கப்பல்காரர்களின் சொந்தப் பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், உங்கள் டாக்சிக்காகக் காத்திருக்காது.

புக்கட்டுக்கு அடுத்த நாள் எங்கும் நிற்காமல் முழுநாளும் கடல். காலையில் அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரல் தாளில் இருபது முப்பது நிகழ்ச்சிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஓடினால் வீட்டை விட அதிகக் களைப்பு வரும். பிள்ளைகளைச் சிறுவர் பகுதியில் விட்டோம். அங்கே வயதுப்படி பிரித்து, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். என் மனைவி அன்று ளுஹர் வரை தூங்கினார். திருமணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் அப்படித் தூங்கியதை நான் கண்டதில்லை. எழுந்ததும் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பதறிக் கேட்டார். சாப்பிட்டுவிட்டார்கள் என்று சொன்னதும் மறுபடி படுத்துக்கொண்டார்.

இறங்குவதற்கு முந்திய இரவு பெரிய பெட்டிகளைப் பட்டி கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். நள்ளிரவில் அவற்றை எடுத்துக்கொண்டு போய், காலையில் துறை மண்டபத்தில்தான் தருவார்கள். மறுநாள் உடுப்பு, செருப்பு, மருந்து, கடவுச்சீட்டு இவற்றை வெளியே எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். மச்சான் மிக ஒழுங்காக எல்லாவற்றையும் மடித்து வைத்து, பூட்டி, வாசலில் வைத்துவிட்டுப் படுத்தார். ஸுபஹுக்கு எழுந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது உடுத்திருந்த சாரம் மட்டும்தான். என்னுடைய ஜுப்பா ஒன்றை உடுத்திக்கொண்டுதான் அவர் சிங்கப்பூரில் இறங்கினார். அவருக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்தது.